சிகாகோவில் துப்பாக்கி: ஊருக்குள் சட்டம், ஊருக்கு வெளியே கடை

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் சிகாகோ வந்துவிடும். "நாட்டிலேயே கடுமையான சட்டம் அங்கேதான் இருக்கிறது. அப்படியும் வாரக் கடைசி வந்தால் அங்கேதான் ஆட்கள் சுடப்பட்டுச் சாகிறார்கள். அப்புறம் சட்டம் எதற்கு?" என்று கேட்பார்கள். அதிபர் தேர்தல் விவாத மேடை வரை போன கேள்வி இது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும்.

ஆனால் அதன் இரண்டு பாதியும் தவறு. சிகாகோ ஒரு காலத்தில் வைத்திருந்த கடுமையான விதிகளில் முக்கியமானவற்றை 2010க்குப் பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக ரத்து செய்துவிட்டன. கொலைகளின் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே சுமார் 27 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ், மெம்ஃபிஸ் போன்ற ஊர்களின் கொலை விகிதம் பல ஆண்டுகளாகச் சிகாகோவைவிட மோசம். அந்த ஊர்கள் இருக்கும் மாநிலங்களில் துப்பாக்கி விதிகள் மிகவும் தளர்வானவை.

இதனால் சிகாகோவின் சட்டம் ஜெயித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அங்கே இழப்பு பெரிது, உண்மை. ஆனால் அந்த நகரத்தின் நூறாண்டு வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. சட்டப்படி விற்கப்பட்ட ஒரு துப்பாக்கி, சட்டப்படி அதை வைத்திருக்கக் கூடாத ஒருவன் கைக்கு எங்கோ ஓரிடத்தில் மாறுகிறது. அந்த இடம் பெரும்பாலும் சிகாகோ மாநகராட்சியின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது.

நாட்டுச் சட்டங்களில் சிகாகோவின் பங்கு

1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவின் நார்த் கிளார்க் தெருவில் ஒரு வண்டிக் கொட்டகைக்குள் ஏழு பேரைச் சுவரோரமாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மதுவிலக்குக் காலம் அது. கள்ளச்சாராய வியாபாரத்தில் அல் கபோன் கும்பலுக்கும் பக்ஸ் மோரன் கும்பலுக்கும் இருந்த பகை. கொலைகாரர்களில் சிலர் போலீஸ் சீருடையில் வந்திருந்தார்கள். கையில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்த அந்தப் படங்கள் இயந்திரத் துப்பாக்கி பற்றிய பொதுமக்களின் பார்வையை மாற்றின. 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கி கைமாறும்போது பதிவையும் 200 டாலர் வரியையும் கட்டாயமாக்கியது. அன்றைக்கு அது ஏறக்குறைய துப்பாக்கியின் விலைக்கே சமம். பிறகு 1986இல், புதிதாகச் செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது என்று ஆனது.

1963இல் அதிபர் கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட ரைபிளும் சிகாகோவிலிருந்து போனதுதான். ஒரு பத்திரிகை விளம்பரத்தின் கூப்பனை வெட்டி, பொய்ப் பெயரில் நிரப்பி, தபால் செலவோடு 21.45 டாலர் அனுப்பினான் கொலையாளி ஆஸ்வால்ட். சிகாகோவின் க்ளைன்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடை ரைபிளை டல்லாஸுக்குப் பார்சலில் அனுப்பி வைத்தது. யாரும் எதையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் இழுத்தடித்து, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகுதான் 1968இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தபால் வழியே தனி ஆளுக்குத் துப்பாக்கி விற்பது நின்றது. குற்றத் தண்டனை பெற்றவர்கள் வாங்கத் தடை வந்தது. கைத்துப்பாக்கியை ஒருவர் தான் வசிக்கும் மாநிலத்துக் கடையில்தான் வாங்கலாம் என்றும் ஆனது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே 1968இல்தான் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் ஃபாய்ட் என்று எல்லோரும் சொல்லும் அட்டையைக் கொண்டுவந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் மாநிலப் போலீஸ் கொடுக்கும் அந்த அட்டையை வைத்திருக்க வேண்டும், தோட்டா வாங்கவும் அதுதான் தேவை. பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் இப்படி ஒன்று கிடையாது.

1982 தடையும் ஓட்டிஸ் மெக்டொனால்டும்

1981இல் சிகாகோவை ஒட்டிய மார்ட்டன் க்ரோவ் என்ற சிற்றூர், ஊருக்குள் யாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் ஊர் அது. (அதற்குப் பதிலடியாக ஜார்ஜியாவில் கென்னசா என்ற ஊர், ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கி வைத்திருக்கத்தான் வேண்டும் என்று 1982இல் சட்டம் போட்டது.) சிகாகோ வேறு வழியில் போனது. ஜேன் பைர்ன் மேயராக இருந்த 1982இல், எல்லாத் துப்பாக்கிகளையும் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, கைத்துப்பாக்கிகளுக்கான புதிய பதிவை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் புதுப்பித்துக்கொண்டே வைத்திருக்கலாம், புதிதாக யாருக்கும் கிடையாது. ஷாட்கன், ரைபிள் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

28 ஆண்டுகள் அந்த விதி நின்றது. அதை விழவைத்த வழக்கில் பெயர் பதிந்தவர் ஓட்டிஸ் மெக்டொனால்ட். லூசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 17 வயதில் வேலை தேடிச் சிகாகோ வந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பராமரிப்புப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். நகரின் தென்பகுதியில் மார்கன் பார்க்கில் வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். அக்கம்பக்கம் மெல்ல மாறியது. போதை மருந்து விற்கும் கும்பல்கள் வந்தன. அவர் வீட்டுக்குள் பலமுறை திருடர்கள் புகுந்தார்கள். வேட்டைக்கான ஷாட்கன் அவரிடம் இருந்தது. ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவர் படுக்கையறை இருட்டில் சட்டென்று எடுத்துப் பயன்படுத்த அது சரிப்படாது, கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்றார். நகரம் முடியாது என்றது.

அவர் வழக்குப் போட்டதற்குப் பின்னணியில் 2008இன் ஹெல்லர் தீர்ப்பு இருந்தது. 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஒரே வாக்கியம்தான். முதல் பாதி ஒழுங்குபடுத்தப்பட்ட மக்கள் படையைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாம் பாதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. படைக்கான உரிமையா, தனி ஆளுக்கான உரிமையா என்று இருநூறு ஆண்டுக்கு மேல் வாதம் நடந்தது. ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், இது தனிமனித உரிமை என்றது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்ய முடியாது என்று வாஷிங்டன் நகரத்தின் 1976 சட்டத்தை ரத்து செய்தது. குற்றவாளிகள் வைத்திருக்கத் தடை, பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் தடை போன்றவை செல்லும் என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. ஆனால் வாஷிங்டன் மத்திய அரசின் கீழ் வரும் ஊர். மாநிலங்களையும் அவற்றின் நகரங்களையும் இந்த உரிமை கட்டுப்படுத்துமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கான விடையே 2010 ஜூன் 28இல் வந்த மெக்டொனால்ட் தீர்ப்பு. அதிலும் 5க்கு 4. கட்டுப்படுத்தும் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய கருத்து. அடிமை முறை ஒழிந்த பிறகு தென் மாநிலங்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தன, பிறகு வெள்ளையர் கும்பல்கள் வந்து தாக்கின என்ற வரலாற்றை அவர் விரிவாக எழுதினார். 1868இன் பதினான்காம் திருத்தம் அந்த அநியாயத்துக்கு எதிராகவும்தான் வந்தது என்பது அவர் வாதம். லூசியானாவில் பிறந்த மெக்டொனால்டும் இந்த வழக்கைத் தன் மக்களின் வரலாற்றோடு சேர்த்தே பார்த்தார். துப்பாக்கி உரிமை என்றால் கிராமத்து வெள்ளையர்களின் கோரிக்கை என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த மனிதரைக் கணக்கில் எடுக்காமல் போகக் கூடாது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போலீஸ் தன்னைக் காப்பாற்ற நேரத்துக்கு வராது என்று அனுபவத்தில் தெரிந்த ஒருவர் கேட்டது அது.

இன்னொன்று, எதிர்த் தரப்பில் நின்று எழுதியவர்களில் ஜான் பால் ஸ்டீவன்ஸ் ஒருவர் என்பது. சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக அவர் அமர்ந்த கடைசி நாளில் வந்தது இந்தத் தீர்ப்பு. துப்பாக்கியால் ஒவ்வொரு ஊருக்கும் வரும் பிரச்சினை வேறு வேறு, அந்தந்த ஊர் தன் பிரச்சினைக்குத் தானே வழி தேட விட வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோவோ, தடை வந்த பிறகு சிகாகோவில் கைத்துப்பாக்கிக் கொலை விகிதம் கூடியிருப்பதாகப் போலீஸின் சொந்தக் கணக்கே காட்டுகிறது என்று சுட்டிக்காட்டினார்.

தோற்றுக்கொண்டே வந்த நகரம்

தீர்ப்பு வந்து நான்கே நாளில் நகர மன்றம் புதிய சட்டம் போட்டது. துப்பாக்கி வேண்டும் என்பவர் சுடும் பயிற்சித் தளத்தில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றது. அதே சட்டம் நகருக்குள் பொதுமக்களுக்கான பயிற்சித் தளம் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. இப்படி ஒரு சட்டத்தைப் போட்டது நகரத்தின் பெரிய தவறு என்பேன். பாதுகாப்பை விடத் தடுப்பதே நோக்கம் என்று எதிர்த் தரப்பு சொன்னதற்கு அவர்களே ஆதாரம் கொடுத்தார்கள்.

அடுத்து, பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை. நாட்டிலேயே அதற்கு முழுத் தடை வைத்திருந்த கடைசி மாநிலம் இல்லினாய். 2012 டிசம்பரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், ஆபத்து வீட்டுக்குள் மட்டும் வருவதில்லை என்ற வழியில் வாதித்து அந்தத் தடையை ரத்து செய்தார். மாநிலச் சட்டமன்றம் 2013 ஜூலையில் மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது: 21 வயது, 16 மணி நேரப் பயிற்சி, 150 டாலர் கட்டணம். கைத்துப்பாக்கி விஷயத்தில் ஊராட்சிகளும் நகரங்களும் தனிச் சட்டம் போடக் கூடாது என்றும் அதில் இருந்தது. சிகாகோ தன் பதிவேட்டையே அந்த ஆண்டு மூடியது. 2014இல் நகருக்குள் துப்பாக்கிக் கடை கூடாது என்ற விதியும் நீதிமன்றத்தில் விழுந்தது.

பஸ்ஸிலும் ரயிலிலும் எடுத்துச் செல்லத் தடை மட்டும் மாநிலச் சட்டத்தில் நின்றது. சொந்தக் கார் இல்லாதவருக்கு இந்த உரிமை எப்படிப் பயன்படும் என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 2024இல் ஒரு நீதிபதி வழக்குப் போட்டவர்கள் அளவில் அந்தத் தடை செல்லாது என்றார், 2025இல் மேல்முறையீட்டில் தடை செல்லும் என்று ஆனது.

ஆக, "நாட்டிலேயே கடுமையான சட்டம்" என்று இன்றும் சொல்பவர்கள் 2010க்கு முந்தைய சிகாகோவைச் சொல்கிறார்கள். இன்றைய இல்லினாய் சட்டங்கள் பக்கத்து மாநிலங்களைவிடக் கடுமையானவைதான். ஆனால் நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இருப்பதைத் தாண்டியவை என்று சொல்வது கஷ்டம்.

துப்பாக்கி எங்கிருந்து வருகிறது

சிகாகோவின் தென்கிழக்கு ஓரத்தில் ஒரு தெருவுக்கு ஸ்டேட் லைன் ரோடு என்றே பெயர். அங்கே எல்லையைத் தாண்டினால் இந்தியானா மாநிலம், ஹாமண்ட் நகரம். இந்தியானாவில் ஃபாய்ட் அட்டை மாதிரி எதுவும் கிடையாது. லைசென்ஸ் பெற்ற கடையில் வாங்கினால் மத்திய அரசின் பின்னணிச் சோதனை உண்டு. தனியாள் ஒருவரிடம் வாங்கினால் அதுவும் இல்லை. 2022 ஜூலையிலிருந்து பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லவும் அங்கே அனுமதிச் சீட்டு தேவையில்லை.

மாநகராட்சி 2017இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று 2013 முதல் 2016 வரை போலீஸ் கைப்பற்றிய துப்பாக்கிகளை ஆராய்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 7,000 துப்பாக்கிகள். முதல் விற்பனை எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் சுமார் 60 சதவீதம் வேறு மாநிலங்களில் விற்கப்பட்டவை. இந்தியானாவின் பங்கு மட்டும் ஐந்தில் ஒன்று. அதே அறிக்கையில், பத்தே பத்துக் கடைகளிலிருந்து வந்தவை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் பெரும்பாலானவை இல்லினாயிலேயே, சிகாகோவின் புறநகர்களில் இருப்பவை. இந்த இரண்டாவது தகவலை அரசியல்வாதிகள் அதிகம் பேசுவதில்லை. எல்லாப் பழியையும் இந்தியானா மீது போடுவது வசதி. ஆனால் சிகாகோ அடங்கிய குக் கவுன்டி மாவட்டத்துக்குள்ளேயே, மேயர் அலுவலகத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கடைகளும் இதில் இருந்தன.

எப்படிக் கைமாறுகிறது? பெரும்பாலும் பினாமி வாங்கல் மூலம். குற்றப் பதிவு இல்லாத ஒரு தோழியோ உறவினரோ கடைக்குப் போகிறார். படிவத்தில் "இது எனக்குத்தான்" என்று கையெழுத்துப் போடுகிறார். பின்னணிச் சோதனையில் அவர் பெயர் சுத்தமாக வரும். துப்பாக்கி அன்று மாலையே வேறு கைக்குப் போய்விடும். வேறு மாநிலத்துக்காரர் கைத்துப்பாக்கி வாங்க முடியாது என்ற 1968 விதியைத் தாண்டுவதும் இப்படித்தான். சிகாகோக்காரனுக்காக இந்தியானா முகவரி உள்ள ஒருவர் வாங்கிக் கொடுக்கிறார்.

2021 ஆகஸ்டில் வாகனச் சோதனையின்போது எல்லா ஃப்ரெஞ்ச் என்ற இளம் பெண் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி ஹாமண்டில் ஒரு கடையில் இந்தியானாக்காரர் ஒருவர் வேறொருவனுக்காக வாங்கியது. வாங்கிக் கொடுத்தவருக்குக் கிடைத்த தண்டனை இரண்டரை ஆண்டு சிறை. அப்போது பினாமி வாங்கலுக்கென்று தனியான மத்தியக் குற்றப்பிரிவே இல்லை, படிவத்தில் பொய் சொன்னது போன்ற பிரிவுகளில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2022 ஜூனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் பினாமி வாங்கலையும் துப்பாக்கிக் கடத்தலையும் தனிக் குற்றமாக்கியது. முப்பது ஆண்டில் வந்த முதல் பெரிய மத்தியச் சட்டம் அது. என் பார்வையில் சிகாகோவுக்கு நகர மன்றம் போட்ட எந்தத் தடையையும்விட இது அதிகம் பயன்படக்கூடியது.

ஒரு துப்பாக்கியின் வரலாற்றைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமையாளர்களின் மையப் பதிவேடு எதையும் மத்திய அரசு வைத்திருக்கக் கூடாது என்று 1986 சட்டம் சொல்கிறது. அதனால் போலீஸ் ஒரு துப்பாக்கியைக் கைப்பற்றினால், அதன் வரிசை எண் மேற்கு வர்ஜினியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் மத்திய மையத்துக்குப் போகும். அங்கிருப்பவர்கள் முதலில் தயாரிப்பாளரைக் கேட்பார்கள், பிறகு மொத்த வியாபாரியை, பிறகு சில்லறைக் கடையை. கடைக்காரர் தன் பேரேட்டைப் புரட்டி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். மூடிய கடைகளின் பேரேடுகள் பெட்டி பெட்டியாக அந்த மையத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றை வாங்கியவர் பெயரை வைத்துக் கணினியில் தேடச் சட்டம் அனுமதிப்பதில்லை. இவ்வளவும் செய்து கிடைப்பது முதல் ஆளின் பெயர் மட்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கை யார் என்பதை ஆள் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

கடைகளின் மீது நகரம் தொடுத்த வழக்கு

இதெல்லாம் நகரத்துக்குப் புதிதாகத் தெரிந்தது அல்ல. ரிச்சர்ட் டேலி மேயராக இருந்த 1998இல் சிகாகோ போலீஸார் ரவுடிக் கும்பல் ஆட்கள் மாதிரி வேடம் போட்டுப் புறநகர்க் கடைகளுக்குப் போனார்கள். பழி தீர்க்க வேண்டும் என்று விற்பனையாளர் காதுபடப் பேசியும் துப்பாக்கி கிடைத்தது. அந்த ஆதாரங்களை வைத்து நகரம் தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், கடைக்காரர்கள் எல்லோர் மீதும் 43 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. 2004இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி விற்ற பொருளை வேறொருவன் தவறாகப் பயன்படுத்தியதற்கு விற்றவரைப் பொறுப்பாக்க முடியாது, அப்படி ஆக்க வேண்டும் என்றால் சட்டமன்றம்தான் சட்டம் போட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம், விற்றவரைப் பொறுப்பாக்குவதற்கு நேர் எதிரான சட்டத்தைப் போட்டது. துப்பாக்கித் தொழிலை இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. இவ்வளவு பாதுகாப்பு மிகச் சில தொழில்களுக்கே கிடைத்திருக்கிறது.

2007இல் பாதிரியார் மைக்கேல் ஃப்ளெகரும் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் ரிவர்டேல் புறநகரில் ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் போராட்டம் நடத்திக் கைதானார்கள். கடைகள் மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும், கண்காணிப்பு ஏற்பாடுகள் வைக்க வேண்டும் என்ற சட்டம் இல்லினாயில் வர 2019 ஆனது.

அட்டை இருந்தும் நடந்தவை

ஃபாய்ட் அட்டை நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அதை நடைமுறைப்படுத்துவதில் விட்ட ஓட்டைகள் உயிர்களைப் பறித்திருக்கின்றன. 2019 பிப்ரவரியில் சிகாகோவுக்கு மேற்கே அரோராவில் ஒரு தொழிற்சாலையில் ஊழியர் ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். மிசிசிப்பியில் அவனுக்குப் பழைய குற்றத் தண்டனை இருந்தது. அது தெரியாமல் அட்டை கொடுத்து, அவன் துப்பாக்கி வாங்கிய பிறகு, 2014இல் கண்டுபிடித்து அட்டையை ரத்து செய்து கடிதம் அனுப்பினார்கள். துப்பாக்கியை வாங்கி வைக்க யாரும் போகவில்லை. ஐந்து ஆண்டு அது அவனிடமே இருந்தது.

2022 ஜூலை 4 அன்று ஹைலேண்ட் பார்க் என்ற வசதியான புறநகரில் சுதந்திர தின அணிவகுப்பின் மீது ஒருவன் கூரையிலிருந்து சுட்டான். ஏழு பேர் இறந்தார்கள், பல பத்துப் பேர் காயப்பட்டார்கள். அந்த ஊர் 2013லேயே அந்த வகை ரைபிள்களைத் தடை செய்திருந்தது. அவன் வெளியூரில் சட்டப்படி வாங்கியிருந்தான். 2019 செப்டம்பரில் குடும்பத்தையே கொல்லப்போவதாக மிரட்டியதற்காகப் போலீஸ் அவன் வீட்டுக்குப் போய்க் கத்திகளைக் கைப்பற்றியது. மூன்று மாதம் கழித்து, 21 வயது ஆகாததால் தந்தையின் ஒப்புதல் கையெழுத்தோடு அவன் ஃபாய்ட் அட்டைக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டான். ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணை மூலம் துப்பாக்கியைத் தள்ளிவைக்கும் சட்டம் 2019 தொடக்கத்திலிருந்தே அமலில் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தவில்லை. பிற்பாடு தந்தை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்தப் படுகொலையின் விளைவாக 2023 ஜனவரியில் ஆளுநர் ப்ரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டம், ராணுவ பாணி ரைபிள்களின் விற்பனையையும் பெரிய மேகசின்களையும் (ரைபிளுக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல், கைத்துப்பாக்கிக்குப் பதினைந்துக்கு மேல்) மாநிலம் முழுக்கத் தடை செய்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2024 நவம்பரில் ஒரு மாவட்ட நீதிபதி அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2022இல் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த புதிய அளவுகோல் இந்த வழக்குகள் எல்லாவற்றையும் கடினமாக்கிவிட்டது. ஒரு விதி உயிர்களைக் காக்குமா என்று பார்ப்பதற்குப் பதிலாக, நாட்டின் பழைய வரலாற்றில் அதற்கு ஒப்பான விதி இருந்ததா என்று நீதிபதிகள் தேட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இல்லாத ஆயுதத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு முன்னுதாரணம் தேடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024இன் ரஹிமி தீர்ப்பில் 8க்கு 1 என்ற கணக்கில் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வரலாற்றில் அச்சு அசலாக அதே சட்டம் இருக்க வேண்டியதில்லை, அதன் கொள்கை இருந்தால் போதும் என்றார்கள்.

ஆனால் சிகாகோ தெருக்களில் கொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட ரைபிளால் சாகவில்லை, கைத்துப்பாக்கியால்தான். தொலைக்காட்சியும் சட்டமன்றமும் ஹைலேண்ட் பார்க்குக்குக் காட்டிய அவசரத்தை, வாரா வாரம் ஒன்றிரண்டாகச் சாகும் எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை என்று தென், மேற்குப் பகுதிகளில் இருக்கும் தாய்மார்கள் சொல்வது முழுக்க உண்மை.

கணக்கு என்ன சொல்கிறது

1974இல் சிகாகோவில் 970 கொலைகள். 1992இல் 900க்கு மேல். 2004இல் சுமார் 450. 2016இல் திடீரென்று 750ஐத் தாண்டியது. 2021இல் ஏறக்குறைய 800. 2024இல் 573. இந்த எண்களைச் சட்டங்களின் தேதிகளோடு பொருத்திப் பாருங்கள். 1992இலும் 2004இலும் அதே கைத்துப்பாக்கித் தடைதான் இருந்தது. ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு. எடுத்துச் செல்லும் லைசென்ஸ் வந்த அடுத்த ஆண்டில் கொலைகள் குறைவாக இருந்தன, சில ஆண்டு கழித்து எகிறின. 2020, 2021இல் ஏறியது நாடு முழுக்க நடந்தது, சட்டம் தளர்வான ஊர்களிலும் நடந்தது. தடை கொலைகளைக் கூட்டியது என்று அலிட்டோவின் எண்ணைக் காட்டுபவருக்கும், தளர்த்தியதால்தான் கூடியது என்பவருக்கும் இந்தக் கணக்கு துணை நிற்காது. நகரச் சட்டத்தின் தாக்கம் இரு தரப்பும் சொல்வதைவிடச் சிறியது.

சமூகவியலாளர் ஆண்ட்ரூ பபாக்ரிஸ்டோஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிட அதிகம் புரியவைத்தது. யார் யாரோடு சேர்ந்து கைதானார்கள் என்ற பதிவுகளை வைத்து ஒரு வலையை வரைந்தார்கள். சிகாகோவில் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர்களில் 70 சதவீதம் பேர் அந்த வலைக்குள் இருந்தார்கள். அந்த வலையில் இருப்பவர்கள் நகர மக்கள்தொகையில் 6 சதவீதம்கூட இல்லை. ஆங்கில்வுட், ஆஸ்டின், கார்ஃபீல்ட் பார்க் போன்ற பகுதிகளில்கூடப் பெரும்பாலானவர்களுக்கு இதோடு சம்பந்தமில்லை, ஆனால் குண்டுச் சத்தம் எல்லோர் வீட்டிலும் கேட்கிறது. தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் 2000இல் மேற்கு கார்ஃபீல்ட் பார்க்கில் சீஸ்ஃபயர் என்ற திட்டத்தைத் தொடங்கினார். முன்பு கும்பல்களில் இருந்தவர்களையே சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்து, ஒருவன் சுடப்பட்டால் அவன் நண்பர்கள் பழிவாங்கப் போவதற்கு முன் போய்ப் பேசவைப்பது. மாநில அரசின் பணம் வருவதும் நிற்பதுமாக அந்த வேலை பலமுறை அறுந்துபோனது.

சட்டத்தை நடைமுறைப்படுத்துவதன் சுமையும் அதே தெருக்கள் மீதுதான் விழுகிறது. துப்பாக்கி தேடுகிறோம் என்று சொல்லி 2014 கோடையில், மே முதல் ஆகஸ்ட் வரை, போலீஸ் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட முறை ஆட்களை நிறுத்தி விசாரித்தது. அவை கைதில் முடியாதவை மட்டும். மக்கள் உரிமை அமைப்பான ஏசிஎல்யு இதை வெளியிட்டது. நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மட்டும் சிறை போகும் இளைஞர்களில் பலர், மெக்டொனால்ட் சொன்ன அதே பயத்தால் வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். துப்பாக்கியைக் குறைக்க வேண்டும் என்று விரும்பும் என்னைப் போன்றவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசக் கூடாது. கடைக்காரருக்கு எதிரான வழக்கு பல ஆண்டு இழுத்துத் தோற்கிறது, பத்தொன்பது வயதுப் பையன் மீதான வழக்கு சில மாதத்தில் முடிந்து அவன் உள்ளே போகிறான்.

சின்னத் துண்டு, புது வழக்கு

சமீப ஆண்டுகளில் சிகாகோ போலீஸ் அதிகம் பேசுவது "ஸ்விட்ச்" பற்றி. நாணய அளவே உள்ள உலோக அல்லது பிளாஸ்டிக் துண்டு. க்ளாக் கைத்துப்பாக்கியின் பின்பக்கத்தில் அதை மாட்டிவிட்டால், விசையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாலே நிமிடத்துக்கு 1,200 தோட்டா வேகத்தில் சுடும். இணையத்தில் வாங்கலாம், முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்யலாம். சட்டப்படி அது இயந்திரத் துப்பாக்கி, வைத்திருப்பதே கடும் குற்றம். குறி பார்க்க முடியாத அந்த வேகத்தில் சுடுபவன் நினைத்தவனைத் தவிர வழியில் போகும் பிள்ளைகளும் அடிபடுகிறார்கள்.

2024 மார்ச்சில் சிகாகோ க்ளாக் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. முந்தைய இரண்டு ஆண்டில் இப்படி மாற்றப்பட்ட 1,100க்கு மேற்பட்ட க்ளாக்குகளைப் போலீஸ் கைப்பற்றியதாக மனுவில் இருக்கிறது. இவ்வளவு எளிதாக மாற்றக்கூடிய வடிவமைப்பு என்று பல ஆண்டுகளாகத் தெரிந்தும் நிறுவனம் அதைத் திருத்தவில்லை என்பது நகரத்தின் வாதம். துண்டைச் செய்வது நாங்கள் இல்லை, மாட்டுபவன்தான் குற்றவாளி என்பது துப்பாக்கித் தரப்பு எப்போதும் சொல்லும் பதில்.

1998 வழக்குக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சட்டமன்றம்தான் சட்டம் போட வேண்டும் என்று 2004இல் நீதிமன்றம் சொன்னதை இல்லினாய் 2023இல் செய்துவிட்டது. பொறுப்பில்லாமல் விற்கும், விளம்பரப்படுத்தும் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குப் போடலாம் என்று அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 2005 மத்தியப் பாதுகாப்புச் சட்டத்திலும், விற்பனை தொடர்பான மாநிலச் சட்டத்தைத் தெரிந்தே மீறினால் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்குக்குள் இந்த வழக்கு நுழைகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நுழைந்தால், சிகாகோ தன் எல்லைக்கு வெளியே, தொழிற்சாலை வரை கை நீட்டுவதற்கு முதல்முறையாக ஒரு வழி கிடைக்கும்.